சங்கக் கூடத்து நாற்காலி

ஃபிஜியின் பா நகரத்தில் லௌடோகா பஸ்ஸுக்காக நிற்கிறேன். பின்னால் சீன வியாபாரிகளின் பழைய சங்கக் கூடம், கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே ஆளுயரச் சீன எழுத்துப் பலகைக்குக் கீழே ஒரே ஒரு நாற்காலி. அதில் பக்கத்துத் தையற்கடை முனியம்மா சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார்.

"சீனர்கள் எங்கே அக்கா?"

"ராணுவம் ஆட்சியைப் புடிச்சதும் எல்லாரும் கனடா போயிட்டாங்க, தம்பி. வெள்ளைக்காரன் ஆட்சியில ஒரு தொரை, ஆளில்லாத நேரம் பாத்து இதை இடிக்க வந்தானாம். அன்னிலேருந்து தெருக்காரங்க மாத்தி மாத்தி உக்காந்து, பகல்ல இந்த நாற்காலி காலியா இருந்ததில்ல. எங்க தாத்தாவும் கரும்பு வெட்டிட்டு வந்து தன் முறைக்கு உக்காந்திருக்காரு."

காலிக் கட்டடத்துக்கு எதற்குக் காவல் என்று எனக்கு எரிச்சல் வருகிறது. "இப்போதுதான் யாரும் இடிக்க வரவில்லையே?"

"வரல. அதுக்காக எழுந்திரிச்சுட முடியுமா?"

ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு எழுகிறார்.

"பஸ் வர்ற வரைக்கும் இங்க உக்காருங்க தம்பி. எனக்கு நியூசிலாந்து விசா வந்திருக்காம். தபாலாபீஸ் போயிட்டு ஓடியாந்துடறேன்."

உட்காருகிறேன். நாற்காலியில் அவருடைய சூடு இன்னும் இருக்கிறது.

பஸ் வந்து நிற்கிறது. டிரைவர் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்.

போகச் சொல்லிக் கையசைக்கிறேன்.