ஆண்ட்ரோமெடாவின் வலது கை

பேய், சகுனம், ராசி எதையும் நான் நம்பினதில்லை. வேதியியல் படித்தவள். எதையும் அளந்து, பட்டியல் போட்டு வைத்தால்தான் எனக்கு நிம்மதி. இதைக் கேட்ட ஒருவர் வேலைக்களைப்பு என்றார். நீங்களும் அப்படி நினைக்கலாம், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு, லண்டனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழைய சித்திரங்களின் நிலையைப் பதிவு செய்வது என் வேலை. ஒவ்வொன்றையும் பார்த்து, படிவத்தில் தோராயமாக வரைந்து, கறை, கிழிசல், மங்கிய கோடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அன்று நிலவறை மேசையில் இருந்தது ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் பேனாச் சித்திரம். கிரேக்கக் கதையில் கடல்மிருகத்துக்குப் பலியாகப் பாறையில் கட்டப்பட்ட இளவரசி ஆண்ட்ரோமெடா. காப்பாற்ற வருகிறவன் அந்தத் தாளில் இல்லை. இடது கைச் சங்கிலியில் ஏழு வளையம், வலது கையில் ஏழு என்று காலையில் எழுதினேன்.

அப்போதுதான் வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்க்கும், தெரிந்த அண்ணை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். என் தங்கை சுமதி முதல்நாள் வந்திறங்கி, விமான நிலையத்திலேயே குடிவரவு அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டிருந்தாள்.

"தங்கச்சி, நீர் பொறுப்பெடுக்கிற கடிதமும் வேலைச் சான்றும் அஞ்சு மணிக்குள்ள அவையின்ர கையில இருக்கோணும். இல்லாட்டி பிள்ளையைத் திருப்பி ஏத்திப்போடுவினம்."

"மேலாளர் ரெண்டு மணிக்குத்தான் கையெழுத்து வைப்பா அண்ணை. வைச்ச உடன வாறன்."

"அங்க முளைச்சுப்போய் நிக்காதையும். உம்மட பழைய தாளுகள் ஓடிப்போகாது."

திருப்பி அனுப்பினால் கொழும்பு. அங்கே எங்கள் கூடப்பிறந்த அண்ணா பிடிபட்டு ஐந்து மாதம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது.

கையெழுத்துக் கிடைத்ததும், சித்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகலாம் என்று நிலவறைக்கு இறங்கினேன். இரண்டு நிமிட வேலை. பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி அசையவில்லை. சுவர்த் தொலைபேசியில் சத்தமே இல்லை. காற்றுத் துவாரத்துக்குள் என் கைதான் போகும். கத்தினேன், கதவில் அடித்தேன், செருப்பைக் கழற்றி அதாலும் அடித்தேன். ஒருவரும் வரவில்லை. பதற்றம் வந்தால் எண்ணுவது என் பழக்கம். எதிரில் மேசையில் இருந்த சித்திரத்தின் சங்கிலியை எண்ணினேன். இடது கையில் ஆறு.

காலையில் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் திரும்ப எண்ணினேன். ஐந்து. பிறகு படிவத்தின் ஓரத்தில் நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதத் தொடங்கினேன். இரண்டு ஐம்பது, நான்கு. மூன்று பத்து, இரண்டு. மறையும்போது பார்த்தேனா என்றால் இல்லை, கண்ணை எடுத்துத் திரும்பப் பார்த்தால் குறைந்திருக்கும். மூன்றரைக்கு ஒன்றுமில்லை. கைப்பிடியைத் தொட்டேன், திறந்தது. வெளியே யாருமில்லை.

ரயில் மாறி ஓடி விமான நிலையம் போய்ச் சேர மணி ஐந்து பத்து. சுமதி பையோடு வாசலில் நின்றாள்.

"கடிதம் கேக்கேல்லையா?"

"இல்லை அக்கா. மூண்டரைக்கு ஒருத்தர் வந்து, போகலாம் எண்டார். நீ என்ன, கிழவி மாதிரி மூச்சு வாங்குறாய்?"

அடுத்த நாள் பார்த்தேன். அந்த இடது கை வெறுமையாக இருந்தது. மசி மங்கினாலும் புற ஊதா ஒளியில் தடம் தெரிய வேண்டும். தெரியவில்லை. அருங்காட்சியகம் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படத்திலும் அந்தக் கையில் சங்கிலி இல்லை. நான்தான் பிழையாக வரைந்துவிட்டதாக மேலாளர் சொன்னார். கதவைச் சோதித்தவரோ, பழுதே இல்லை, சாவி இல்லாமல் அது பூட்டிக்கொள்ள வழியில்லை என்றார். படிவம் மட்டும் என்னிடம் இருக்கிறது, என் கையெழுத்தில்.

இப்போது தொண்ணூற்றாறு. அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வலது கையில் ஏழு வளையம் அப்படியே இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாள் மத்தியானத்தில் அங்கே இறங்கி, கதவை நானே இழுத்துச் சாத்திவிட்டு உட்காருகிறேன். எண்ணுகிறேன். பூட்டிக்கொண்டதா என்று எழுந்து போய்க் கைப்பிடியைத் தொடுகிறேன். ஒவ்வொரு முறையும் அது திறந்துவிடுகிறது.