முறை இல்லாத நாளில் கேட்ட கேள்வி

மாசிப் பனி இறங்கினால் பழவேற்காடு ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பூநாரைகள் வெளிறிய ரோஜா நிறத்தில் அந்தரத்தில் நிற்கும். எழுபதுகளில் ஒரு காலை, அந்தப் பனிக்குள்ளிருந்துதான் வரைபடக்கார சார் வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரவிருந்தன. ஆலைக்கான நிலத்துக்கு மஞ்சள், ஏரிக்கு விடும் இடத்துக்கு நீலம் என்று படத்தில் பிரிப்பது அவர் வேலை. அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது என் அண்ணன். ஆலை வேலைமேல் அவ்வளவு ஆசை; இன்னும் வராத ஆலையின் சங்கு தூக்கத்திலும் கேட்கிறது என்பான்.

கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீர். இறால் குஞ்சு வளர்வதே அங்கேதான். எங்கள் அப்பாவிடம் சார் கேட்டார், "இது உங்க தண்ணியா?"

"இல்ல சார்" என்றார் நைனா.

பொய்யில்லை. ஊரில் மூன்று கூட்டம். நாளுக்கு ஒரு கூட்டம் முறைவைத்து மீன் பிடிக்கும். முறை இல்லாத நாளில் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, நம்முடையது என்று சொல்லவும் கூடாது. அன்று எங்கள் முறை இல்லை. முறைக்காரர்களோ பனிக்குள் எங்கோ இருந்தார்கள்.

யாருக்கும் சொந்தமில்லை என்று படத்தில் அந்த இடம் மஞ்சளாகிவிட்டது. பூநாரைகளுக்குக்கூடப் புள்ளி வைத்திருந்தார், எங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லன்னு சொல்லிட்டு இப்ப குந்திக்கினு இருந்தா ஆச்சா நைனா?"

அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த இடம் நீலமானால் ஆலை வேறு பக்கம் போய்விடும் என்று சார் அவனிடம் சொல்லியிருந்தார்.

சார் மறுபடி வந்த அன்றும் எங்கள் முறை இல்லை. நைனா வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கினார். இதற்காகவே ஊரில் மண்டை உடைந்திருக்கிறது.

"இன்னா, வலை இல்லாம வந்துக்கிறே?" என்றார் முறைக்காரர்களில் பெரியவர்.

"மீனுக்கு வர்ல. சார் கேட்டா சொல்றதுக்கு வந்தேன்."

பெரியவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். மூன்றாவது கூட்டமும் மெல்ல இறங்கியது.

"யார் தண்ணி இது?" என்று கேட்டார் சார்.

"எங்களுது" என்றார்கள் எல்லோரும்.

அண்ணன் கரையிலேயே நின்றான். பிறகு சங்கிலி முனையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு முதுகைக் காட்டி, காய்ந்த சேற்றைத் தாண்டி, முள்புதர்வரை நடந்தான்.

"ஐப்பசில தண்ணி இதுவரிக்கும் வரும் சார்" என்று அங்கிருந்து கத்தினான். "நீலத்த இங்கேர்ந்து போடுங்க."