ஜாமீனில் வந்த அப்பாவும் செக்கிங் அக்காவும்

சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. தைத்து முடித்த சட்டை எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். உள்பக்கத்தை வெளியே புரட்டுவாள், அக்குள் தையலைக் கட்டைவிரல்களால் இழுத்துப் பார்ப்பாள், காலரை மூக்குக்கு நேரே பிடிப்பாள். தப்பு கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி எறிவாள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கிங் அக்கா என்றால்தான் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று மேனேஜரே மெச்சுவார். அதே கண்ணோடு வீட்டுக்குப் போனால் எந்தப் புருஷன் தாங்குவான்? ஏன் லேட்டு, யாரோடு பேச்சு, சட்டையில் என்ன வாசனை என்று இவள் துருவித் துருவிக் கேட்டதில் அந்த மனுஷனிடம் ஒரு தப்பும் அகப்படவில்லை. கடைசியில் ஒருநாள் அவனே அகப்படாமல் போய்விட்டான்.

இப்படிப்பட்டவள், கொலை வழக்கில் உள்ளே போன அப்பாவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாள் என்றதும் தொழிற்சாலையே வாயைப் பிளந்தது.

நோயில் படுத்திருந்த அம்மா ஒரு மத்தியானம் தூங்கியவள் எழுந்திருக்கவே இல்லை. உடம்பில் தூக்க மாத்திரை அளவுக்கு மீறி இருந்தது என்றார்கள் டாக்டர்கள். வீட்டில் அப்பாவைத் தவிர வேறு யாரும் கிடையாது. டீ போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அண்ணன் நேராகப் போலீசுக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, மூச்சிரைப்பு வேறு. வழக்கு எப்போது விசாரணைக்கு வருமோ தெரியாது, அதற்குள் இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் விசாரிக்க ஆள் ஏது என்று வக்கீல் வாதாடினார். நீதிபதி வெகுநேரம் யோசித்தார். மகள் ஜாமீன் நிற்க வேண்டும், அவள் வீட்டிலேயே தங்க வேண்டும், வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அம்மாவைக் கொன்னவரைக் கூட்டிட்டு வந்து நடு வீட்டுல வைக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று அண்ணன் போனில் கத்தினான்.

"அவர்தான் கொன்னாருன்னு நீ பாத்தியாண்ணா?"

"நான் பாக்கல. கொல்லலைன்னு நீ பாத்தியா?"

போனை வைத்துவிட்டாள். மற்றவர்கள் அவளைப் பாசக்காரி என்றார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட்டதன் காரணம் வேறு. கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்து என்ன தெரிந்துவிடும்? கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தால், செய்திருக்கும் பட்சத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் தையல் விட்டுத்தானே தீர வேண்டும்? அப்பா கொன்றாரா இல்லையா என்று தெரியாமல், அம்மாவுக்காக அவளால் முழுசாக அழக்கூட முடியவில்லை.

ஆக, வீட்டிலும் செக்கிங் ஆரம்பமானது. அப்பா அம்மாவின் படத்தைப் பார்த்தால், எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று தோன்றும். பார்க்காமல் போனால், ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று தோன்றும். நன்றாகச் சாப்பிட்டால், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவருக்கு இவ்வளவு பசியா? சாப்பிடாவிட்டால், மனசாட்சி உறுத்துகிறதோ? பாவம், அந்த மனுஷன் என்னதான் செய்வார்! தலைவலி மாத்திரையைக்கூட அவள் வீட்டில் வைக்காமல் கைப்பையிலேயே கொண்டு போனாள். மாலையில் அப்பா டீ போட்டு நீட்டினால், "வச்சிடுங்கப்பா, அப்புறம் குடிக்கிறேன்" என்பாள். அவர் அந்தப் பக்கம் போனதும் டீ சிங்க்கில் இறங்கிவிடும்.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "அம்மாவுக்கு மாத்திரை யாருப்பா எடுத்துக் குடுப்பாங்க?"

"நான்தான்."

"அன்னிக்கும்?"

"அன்னிக்கும் நான்தான். எப்பவும் குடுக்கறதைத்தான் குடுத்தேன்."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். தடுமாறாததுதான் அவளை இன்னும் குடைந்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் காலையில் துவைத்த துணியை மடிக்கும்போது அப்பாவின் சட்டையில், முதுகுப் பக்கம், தையல் விட்டிருப்பதைப் பார்த்தாள். கை தன்னால் பைக்குள் போனது, அம்பு ஸ்டிக்கரை உரித்தது, ஒட்டியது. சாயங்காலம் வந்து தைக்கலாம் என்று சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் ஸ்டேஷனுக்குப் போகும் நாள் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

வீடு திரும்பியபோது அப்பா சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே அவளுக்கான டீ. பக்கத்தில் அந்தச் சிவப்பு அம்பு.

"ஸ்டேஷன்ல போலீஸ்காரர் ஒருத்தர் என் முதுகுல இருந்து உரிச்சுக் குடுத்தாரும்மா. பொண்ணே அடையாளம் போட்டு அனுப்பிடுச்சான்னு எல்லாரும் சிரிச்சாங்க."

"ஐயோ, தைக்கறதுக்காக ஒட்டினதுப்பா! சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும். சட்டையைக் கழட்டினப்ப தையல் விட்டிருந்ததை நானும் பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ டீயைக் கொட்டறதையும் பாத்திருக்கேன்."

அவள் கண் சிங்க்குப் பக்கம் போனது.

"வக்கீலைப் பாத்து ஜாமீனை வாபஸ் வாங்கிக்கம்மா. நான் உள்ளேயே போயிடறேன்."

"அங்க போனா மூச்சு முட்டிச் செத்துடுவீங்கப்பா."

"ஜெயில்ல எங்க அறையில டீ வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தது நான்தான். அத்தனை பேரும் நான்தான் கொன்னேன்னு நினைச்சாங்க. ஆனா நான் நீட்டினா வாங்கிக் குடிச்சாங்க."

அவள் உடைந்து அழுதாள். அம்மா போன பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான். "நான் குடிக்கறேன்பா" என்று டம்ளரை எடுத்தாள். மனசாரக் குடிக்கத்தான் எடுத்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கண் யார் பேச்சைக் கேட்கும்? உதட்டில் வைக்கும் முன் டம்ளரைக் கொஞ்சம் சாய்த்து, அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து போய், கொடியில் கிடந்த தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்று டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.