ஊதா எருமையும் தேத்தண்ணிக் கறையும்

"யாரும் வரலாம், விரும்பியதைக் கீறலாம்" என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு ஓவியம் பழக்கும் தொழிலில், கீற வருகிறவர்களைவிடக் கீறவிடாமல் செய்ய வருகிறவர்கள்தான் அதிகம். வாவிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன நூதனசாலையின் பின்மண்டபத்தில், சனிக்கிழமைகளில் நான் கடதாசியும் பெயின்டும் பரப்பிவைத்துக் காத்திருப்பேன். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மனதில் நின்றதைக் கீறிவிட்டுப் போகலாம். நாலு பேருக்கு நல்லது செய்யப்போய் வாங்கிக்கட்டிக்கொண்ட உங்களுக்கு, மிச்சம் தானாகவே விளங்கும்.

எருமையின் நிறம்

சித்தாண்டியிலிருந்து தகப்பனோடு வந்த ஒரு சின்னப் பிள்ளை எருமை கீறினாள். ஊதா எருமை. கொம்பில் மஞ்சள் பூ. அவ்வளவு சந்தோசமாக நாக்கை நீட்டிக்கொண்டு கீறினாள். பின்னால் நின்ற தகப்பன், "எருமை எங்க புள்ள ஊதாவா இருக்கு?" என்று தூரிகையைப் பறித்து, எருமை முழுவதையும் கறுப்பால் மெழுகினார். பூவும் போயிற்று. பிள்ளை இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தூரிகையை அவர் கையிலிருந்து வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தேன். புதுக் கடதாசி ஒன்றை அவர் முன்னால் போட்டு, "உங்கட எருமைய இதில கீறுங்க" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் கீறி என்ன மிஸ் செய்ற? பள்ளிக்கூடப் போட்டிக்குப் போறது அவள்ர படந்தானே!"

விருந்தினர் வந்தார்

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய மனிதர் படமெடுப்பவரோடு வந்தார். காத்தான்குடியிலிருந்து வந்திருந்த பிள்ளையொன்றை எழுப்பிவிட்டு, அதன் கதிரையில் அமர்ந்து, அதன் படத்தைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். பெயின்ட் காயவில்லை. பிள்ளை பார்த்துப் பார்த்துக் கீறிய பள்ளிவாசல் மினாராவின் குறுக்கே அவருடைய பெருவிரல் இழுபட்டது. அவர் விரலைக் கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டார். பிள்ளை விம்மி விம்மி அழுதது.

"கொஞ்சம் பொறுங்க, அந்தப் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க" என்றேன். படமெடுப்பவர் என் காதோடு வந்து, உதவி செய்கிற குரலில் சொன்னார்: "மிஸ், இந்தப் பிள்ளைய அங்கால விட்டுட்டு, சிரிக்கிற பிள்ளையொண்டத் தாங்க."

தண்ணீர்

தரை நனைகிறதாம். ஒரு காலை நான் போனபோது பின்பக்கக் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. நீர்வண்ணம் என்ற சொல்லிலேயே நீர் இருக்கிறதே என்று நூதனசாலைப் பொறுப்பதிகாரியிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படம் கீறவேணாமெண்டு நான் சொல்லல்லையே, தண்ணியில்லாமக் கீறப் பழக்குங்களன்."

மாங்கேணிக்கரை

மாங்கேணியிலிருந்து ஒரு அக்கா மகளைக் கூட்டிவந்தார். மகள் கீறும்வரை சும்மா இருந்தவர், திடீரென்று தனக்கும் ஒரு கடதாசி கேட்டார். அவர் கீறியது ஒரு கடற்கரை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும் சனம். கடலில் ஒன்றுமே இல்லை. "இவள்ர அப்பாட வள்ளம் திரும்பி வராத அண்டைக்கு நாங்க எல்லாரும் இப்பிடித்தான் நிண்ட" என்றார். அவரிடம் கேட்டு அதைச் சுவரில் மாட்டினேன். அடுத்த கிழமை தன் மாமியையும் தங்கச்சியையும் பஸ்ஸில் கூட்டிவந்து காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை சுவரில் படம் இல்லை. "வெளிநாட்டுக்காரர் வாற இடம். முகமில்லாத சனத்தப் பாத்து என்ன செய்ற?" என்றார் பொறுப்பதிகாரி. தேடித்தேடிக் கடைசியில் அலுவலகத்தில் கண்டேன். தேத்தண்ணிக் கேத்தலுக்கு அடியில் விரித்திருந்தார்கள். கரையில் நின்ற சனத்தின்மேல் வட்டமாகக் கறை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தின் நடுவில் நின்று நான் போட்ட சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் அக்கா மாமியோடும் தங்கச்சியோடும் உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டார். படத்தை வாங்கிக் கறையைச் சேலைத் தலைப்பால் ஒற்றிப் பார்த்தார். போகவில்லை. பொறுப்பதிகாரி தடுமாறி, "பரவாயில்லம்மா, இன்னொண்டு கீறித் தாங்க, நல்ல இடத்தில மாட்டுவம்" என்றார். அக்கா குரலை உயர்த்தவேயில்லை. "அந்தக் கரையில என்ன இன்னொருக்காப் போய் நிக்கச் சொல்றீங்களா சேர்?"

படம் அன்றைக்கே கறையோடு மறுபடி சுவரில் ஏறிவிட்டது, என் கோபம்தான் இன்னும் இறங்கவில்லை. ஊருக்குப் படம் கீறப் பழக்கவென்று போனவள் நன்றாகச் சண்டை பிடிக்கப் பழகிக்கொண்டதுதான் இந்த வேலையில் நான் கண்ட முன்னேற்றம்.