‘இறங்கியாச்சு’ என்று என் மச்சான் சொன்ன நாள்

என் மனைவியின் தம்பி என்னைச் சாகக் கொடுத்தான். கர்த்தர் கொடுக்கவில்லை. சபையாரே, நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் திருகோணமலையில் பெரிய கரண்ட் கோபுரத்தில் என்னைப் போல ஏறினவன் ஒருவனும் இல்லை. சண்டைக் காலத்தில் துவக்குச் சூடு பட்டு உடைந்த, கம்பியைத் தாங்கும் பீங்கான் கோப்பைகளை மாற்றி, துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளிச்சம் கொடுத்தவை இந்தக் கைகள்தான். அந்த மச்சான் ராசனைப் பாலையூற்றில் என் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும், வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. மேலே ஏறினவன் தரையில் கால் வைத்த பிறகுதான் ‘இறங்கியாச்சு’ என்று வயர்லெஸ்ஸில் சொல்லலாம். அதைக் கேட்டுத்தான் நகரத்து நிலையத்தில் கரண்டைத் திருப்பிப் போடுவார்கள். அந்தச் சொல் சத்தியம் மாதிரி.

ஒரு மாரிகாலப் பின்னேரம், கந்தளாய்ப் பக்கக் காட்டில் கோபுரத்தில் நின்றேன். வேலை முடிந்தது. தவறிக் கரண்ட் வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடக் காவலுக்கு மாட்டிய மண்கம்பியைக் கழற்றிக் கீழே விட்டேன். இறங்கப் பார்த்தால் இடுப்புப் பட்டியின் கொக்கி இரும்பில் சிக்கிவிட்டது. அந்த நேரம் காட்டுக்குள் வெடிச்சத்தம் தொடங்கியது. கீழே நின்ற ராசன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு வாகனத்தில் ஏறி, வயர்லெஸ்ஸை வாயில் வைத்தபடியே போய்விட்டான். வேலை முடிந்ததென்று நிலையத்திலிருந்து சொல்லி வராவிட்டால் ராணுவக் காவலரணில் வாகனத்தை விடமாட்டார்கள்.

வெடிக்கு நான் பயப்படவில்லை. அவன் வாயிலிருந்த சொல்லுக்குத்தான் பயந்தேன். கரண்ட் வந்தால் நான் கரி. ஜெபம் பெண்களின் வேலை என்று அதுவரை சிரித்தவன் நான். அன்றைக்குக் கதறினேன்.

"ஆண்டவரே, அவன்ட வாயைக் கட்டும்."

அவர் அவன் வாயைக் கட்டவில்லை. இன்னொருவரின் காதைத் திறந்தார்.

நிலையத்தில் இருந்தவர் கிண்ணியா ஹனீபா. நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எல்லாரும் இறங்கியாச்சு, போடுங்கள் என்று ராசன் சொன்னானாம். அவர் வயர்லெஸ் செட்டை என்னிடம் கொடுக்கச் சொன்னதற்கு, அத்தான் தண்ணீர் குடிக்கிறார் என்றானாம். ஹனீபா நானா கரண்டைப் போட மறுத்துவிட்டார். ஏன் என்று மறுநாள் கேட்டேன்.

"இறங்கின உடன செட்டில உங்கட பெருமையைக் கேட்டுக் கேட்டே என்ட காது செவிடாப் போச்சு. நேத்து அது வரல்ல. அது வராம நான் எப்படிப் போடுற?"

என் வாய்க்கொழுப்பையும் கர்த்தர் வீணாக்கவில்லை. கரண்ட் வரவில்லை, கொக்கி விட்டது, காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "அத்தான், எனக்குப் பிள்ளையள் இருக்கு" என்றான் ராசன். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு இல்லையா? என் பிள்ளைகளும் அவனை மாமா என்றுதானே கூப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து ஜெபிக்காமல் நான் வாயில் சோறு வைப்பதில்லை. ராசன் இன்றைக்கும் சபையில் எனக்கு முன்வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். மன்னித்தேன் என்று வாய் சொல்லும். நெஞ்சு அதற்கு இன்னும் வரவில்லை. அதையும் கர்த்தரிடமே கொடுத்திருக்கிறேன்.

சொந்தம் கைவிட்ட யாராவது இதை வாசித்தால், வெட்கப்படாமல் அவரைக் கூப்பிடுங்கள். எப்படிக் காப்பாற்றுவதென்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகாதீர்கள்.