மாமியின் உபவாசமும் ஒரு மலைக்கோட்டையும்

உபவாசம் இருந்தா உடம்புக்குள்ள என்ன மாறுதுன்னு எங்க லேப்ல பாக்குறோம். ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர் ஏகாதசியன்னிக்கு சிறுநீர் சாம்பிள் கொடுத்திருந்தார்.

தலைமுடிகூட நுழையாத கண்ணாடிக் குழாய்ல சாம்பிளை ஏத்தி மின்சாரம் கொடுத்தா, அதுல இருக்குற மூலக்கூறு ஒவ்வொண்ணும் ஒரு வேகத்துல ஓடும். வெளியே வர்றதை மெஷின் எடை போட்டு இன்னதுன்னு காட்டிடும்.

இன்னைக்கு மாமியோட சாம்பிளைப் போட்டா, ஸ்க்ரீன் வரைபடத்துல காபியோட அடையாளம் மலைக்கோட்டை மாதிரி எழுந்து நிக்குது!

போன் போட்டேன். "மாமி, அன்னிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பெருமாளே! பல்லுல பச்சைத் தண்ணி படலை."

"காபி?"

"காலம்பற ரெண்டு டம்ளர். காபி எப்படிம்மா சாப்பாடாகும்?"

சிரிச்சுக்கிட்டே, ஒப்பிட்டுப் பாக்க நான் கொடுத்திருந்த என் சாம்பிளோட வரைபடத்தைத் திறந்தேன். 'வெறும் வயிறு'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்.

அங்கேயும் அதே மலைக்கோட்டை.

உங்க வீட்டு விரதத்துல காபிக்கு அனுமதி உண்டா? மெஷின்கிட்ட சொல்ல மாட்டேன்.