உபவாசம் முடிந்து ஒரு டீ

மழை நிற்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக உபவாசம் இருந்தேன் — போன வெள்ளிக்கிழமை.

நான்தான். நம்புங்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். காலை டிபன் கொஞ்சம் தாமதமானால் வீட்டில் யாரும் என் பக்கம் வர மாட்டார்கள். சேர்ந்தாற்போல ஒரு இடத்தில் உட்காரவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள், குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் லுத்தரன் கோயிலில், காலையிலிருந்து மதியம் வரை ஈரப் பாயில் உட்கார்ந்து, "ஆண்டவரே, போதும்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் இதே கோயிலில், இதே ஜனங்கள், "தண்ணீர் தாரும்" என்று கேட்டார்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் வெறும் மணல். தண்ணீர் பிந்தி வந்தது. அதனால் நடவு பிந்தியது. நடவு பிந்தினால் அறுப்பும் பிந்தும்தானே? போகட்டும், தை முடிவதற்குள் அறுத்துவிடலாம் என்று இருந்தால்... தை கடைசியில் வந்தது மழை. ஐப்பசியில் பெய்யவேண்டிய மழை. அடைமழை.

பஞ்சாங்கத்தில் மாதங்கள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. மழைக்குத்தான் பஞ்சாங்கம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. உலகம் சூடாகிறது, கடல் சூடாகிறது, அதனால்தான் இப்படி என்று டி.வி.யில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு விளம்பரம் போடுகிறார்கள். கார் விளம்பரம்.

சரி, தஞ்சாவூரில் மாடி வீட்டில் இருக்கிற எனக்கு இந்த மழையைப் பற்றி என்ன பதற்றம்? இருக்கிறது. என் தம்பி சாமுவேலின் நெல் அங்கே நிற்கிறது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். முற்றிய கதிர்.

சாமுவேல் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் எங்காவது இருப்பார். திருப்பூர், துபாய், சிங்கப்பூர்... தாராளமயம் என்று நாடு கதவைத் திறந்துவிட்ட பிறகு எங்கள் ஊர் ஆண்கள் அந்தக் கதவு வழியாகப் போனவர்கள்தான். விவசாயத்தைப் பார்ப்பது அவன் மனைவி எஸ்தர். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னார்களாம். தோள் வரைக்கும்தான் வரைந்தாள். போனில் அவ்வளவுதான் தெரியும்.

இந்தத் தடவை ஒப்பந்தம் முடிகிறது. "இந்த சம்பா ஒழுங்கா வீடு வந்து சேந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடலக்கா. வந்துடறேன். இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷம்தான்" என்று பொங்கலன்று போனில் சொன்னான். அன்றிலிருந்து எஸ்தருக்கு அந்த நெல் வெறும் நெல் இல்லை. ஒவ்வொரு கதிரையும் அவள் பார்க்கிற பார்வையே வேறு.

அதனால்தான் நானும் பாயில் உட்கார்ந்தேன்.

ஜெபம் கேட்கப்பட்டது! நான் கிண்டல் செய்யவில்லை. போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்போது தூறல் நின்றிருந்தது. வெளியே வந்தால் வெயில். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். உபவாசம் முடிந்ததற்கு எல்லோருக்கும் ஒரு பன், ஒரு டீ. பசியில் அந்த டீ எவ்வளவு ருசியாக இருந்தது என்கிறீர்கள்! நான் இரண்டு குடித்தேன்.

எஸ்தர் குடிக்கவில்லை. நேரே வயலுக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். நெல் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கதிரெல்லாம் தண்ணீருக்குள்.

"மழை விட்டுருச்சு அண்ணி. தண்ணிதான் போவ மாட்டேங்குது."

"வடிஞ்சிடும் எஸ்தர். வெயில்தான் வந்துருச்சே."

"வெயில் வந்தா இன்னும் மோசம் அண்ணி. தண்ணிக்குள்ள கெடக்குற கதிரு சூடு பட்டா முளைச்சுக்கும். நாளைக்குள்ள வடியலன்னா அறுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

முளைத்த நெல்லை யார் வாங்குவார்கள்? கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லுக்கே முகம் சுளிப்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகவேண்டும் என்று கேட்டேன். வயலுக்குப் பின்னால் ஓடும் வடிகால் வாய்க்காலைக் காட்டினாள். அதன் கரையோடு நடக்க ஆரம்பித்தேன். வழுக்கியது, ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. இன்னொன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வாய்க்கால் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? கோயிலுக்கே.

கோயில் மதிலை ஒட்டி ரோடு. ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் போகிற குழாய்ப் பாலம். இந்தப் பக்கம் தண்ணீர் கரை தட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் கணுக்கால் அளவுதான். நடுவில் குழாய் வாயை அடைத்துக்கொண்டு ஒரு மூட்டை மாதிரி... அதன் மேல் வெள்ளை வெளேரென்று, மழையில் கழுவினாற்போல, டீ கப்புகள்.

எங்கள் டீ கப்புகள். அப்போதுதான் குடித்தவை. சிலதில் பன் துணுக்குகூட இருந்தது.

கோயில்பிள்ளை பாக்கியநாதன் — கோயிலில் மணியடிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவர்தான் — மதிலுக்கு அந்தப் பக்கம் மிச்சக் கப்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போதே முறம் மதிலுக்கு மேல் வந்தது. கவிழ்ந்தது.

"பாக்கியநாதன்! என்ன பண்றீங்க?"

அவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "குப்பை போடுறேங்கம்மா."

"அது வாய்க்கால்!"

"ஆமாங்கம்மா. எப்பவும் இங்கதாங்க போடுறது."

எப்பவும்! மழை நிற்க ஜெபம் செய்துவிட்டு, ஆமென் சொன்ன வாயோடு டீ குடித்துவிட்டு, அந்தக் கப்பாலேயே தண்ணீரை நிறுத்திவைக்கிற ஜனங்கள் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? ஆண்டவர் தன் பங்கைச் செய்துவிட்டார். பாலம் வரைக்கும் வந்து குழாயையும் அவரே குத்திவிட வேண்டுமா?

நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் வந்தார்கள். கிழவர்கள், பெண்கள். இளவட்டம் என்று ஒருத்தரும் இல்லை. ஜே.சி.பி.க்குப் போன் போட்டார்கள். அது வேறு ஊரில் வீடு இடிக்கப் போயிருக்கிறது, வர நாளாகும் என்றார்கள். யார் குழாய்க்குள் கைவிடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் இறங்கியவர் ஜமால் அண்ணன். எஸ்தர் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் கடை வைத்திருக்கிறார். பேப்பர் பிளேட், பிளாஸ்டிக் கப், விசேஷ வீட்டுச் சாமான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுக்க ஆரம்பித்தார். எஸ்தர் இறங்கினாள். பாக்கியநாதனும் இறங்கினார். நான் கரையில் நின்று வாங்கி வாங்கிப் போட்டேன்.

என்னென்ன வந்தது? வெங்காயத்தாமரை. தலையணை. தெர்மாகோல். தண்ணீர் பாட்டில்கள்... அப்புறம் வாழை இலை. கட்டுக் கட்டாக வாழை இலை. ஒன்றைப் பிரித்தேன் — பேப்பர். பச்சைச் சாயம் அடித்து, நடு நரம்பு, கிளை நரம்பு எல்லாம் அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் பூசிய இலை. போன வருஷ அறுப்பின் பண்டிகைக்கு, புது நெல்லைப் பீடத்தில் படைத்துவிட்டு, எங்கள் கோயிலில் போட்ட அன்பின் விருந்தின் இலை அது. போதகர் வீட்டுக் கொல்லையில் நிஜ வாழை காற்றில் கிழிந்து ஆடிக்கொண்டிருக்கிறது!

"இது என்ன அண்ணே கூத்து? காவிரிக் கரையில பேப்பர் வாழை இலையா?"

ஜமால் அண்ணன் நெற்றியில் இருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தார். "இலை அறுக்க ஆள் இல்ல தங்கச்சி, எடுக்க ஆள் இல்ல. இதுன்னா சுருட்டி எறிஞ்சிடலாம்னு கேக்குறாங்க. எல்லாம் என் கடையில வாங்குனதுதான். என் சரக்கு என் வயலயே முழுகடிச்சிருக்கு பாரு."

"அப்ப விக்காதீங்க."

"நான் விக்கலன்னா குடவாசல்ல போயி வாங்குவாங்க. மூணு கடை இருக்கு." இன்னொரு கட்டு இலையை இழுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "எதுக்கும் இந்த இலைய நிறுத்திடறேன். கப்பு கஷ்டம்" என்றார்.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. யார்மேல்தான் கோபப்படுவது? முன்பு விருந்து முடிந்தால் எச்சில் இலையை மாடு தின்றது, மிச்சம் மக்கி எருவாயிற்று. வாய்க்காலில் எறிகிற பழக்கம் அன்றும் இருந்தது, வாய்க்கால் தாங்கியது. இன்று எறிகிற பொருள் மாறிவிட்டது, எறிகிற கை மாறவில்லை. அவ்வளவுதான் விஷயம். பருவம் தப்புகிற மழையை நானோ நீங்களோ தனியாக ஒன்றும் செய்துவிட முடியாதுதான். உலகமே சேர்ந்து புகையைக் குறைத்தால்தான் உண்டு. ஆனால் அந்த மழை வந்து இறங்கும்போது அதற்கு வழிவிடுவது நம் ஊர் வேலை இல்லையா?

பொழுது சாயும்போது குழாய் திறந்துகொண்டது. கடைசியாக ஒரு தார்ப்பாய் வந்தது, அதோடு தண்ணீர் 'குபுக்'கென்று பாய்ந்தது. எஸ்தர் கரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

கால் கழுவிவிட்டு எஸ்தர் வீட்டுக்குப் போய் அப்போதுதான் உட்கார்ந்திருப்போம். நாற்றம் வந்தது. தொண்டையைக் கரகரக்க வைக்கிற நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால், இழுத்துப்போட்ட குப்பை மலை எரிந்துகொண்டிருக்கிறது. கறுப்புப் புகை. பக்கத்தில் பாக்கியநாதன், வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு.

"ஐயோ, கொளுத்திட்டீங்களா? இந்தப் புகையைக் குழந்தைங்க சுவாசிக்கணுமா? மழை இப்படிக் கண்ட நேரத்துல பெய்யுறதுக்கே புகைதாங்க காரணம்!"

அவருக்கு முகம் வாடிவிட்டது. "வாய்க்கால்ல போடாதங்கிறீங்க. கொளுத்தாதங்கிறீங்க. பின்ன எங்கம்மா கொண்டுபோயி போடுறது?"

அவர் கேட்டது நியாயம்தான்.  தஞ்சாவூரில் என் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வருகிறது, பாட்டுப் போட்டுக்கொண்டு. போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். எங்கள் ஊரில் வண்டியும் இல்லை, பாட்டும் இல்லை. மதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அணைத்தோம். பாதி எரிந்த குவியலை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறோம். வருகிற கூட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்குவது என்று சபையில் பேசியிருக்கிறார்கள். யார் கழுவுவது என்று விவாதம் நடக்கிறது.

மறுநாள் காலையில் வயலில் தண்ணீர் இல்லை. எஸ்தர் ஒரு கதிரை ஒடித்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக, ஊசி முனை போல, முளை. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மேட்டுப் பக்கம் சாயாமல் நின்றதை மட்டும் அறுப்பு மிஷின் அறுத்தது. பாதிகூடத் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமுவேல் கூப்பிட்டான். எஸ்தர் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எஸ்தர் எல்லாம் சொன்னுச்சுக்கா. சரி, விடு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

 எதையாவது கேட்கவேண்டும் என்று கேட்டேன்: "அதே கம்பெனியாடா?"

"அதே கம்பெனிதான். அதே வேலைதான்."

கம்பெனி, கம்பெனி என்றே இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறான். நாங்களும் ஊருக்கு அப்படியே சொல்லியிருக்கிறோம். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது. "அங்க என்னதான்டா வேலை பாக்குற?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வாய்க்கா சுத்தம் பண்றதுக்கா. மழைக்கு முன்னாடியே எறங்கி குப்பை எல்லாம் அள்ளிடணும். ஒரே ஒரு கப்பு மாட்டிக்கிட்டு நின்னாலும் சூப்பர்வைசர் போட்டோ எடுத்து அனுப்பிடுவாரு."

இன்னும் இரண்டு வருஷத்துக்கு சிங்கப்பூருக்குக் கவலையில்லை. அங்கே வாய்க்காலை என் தம்பி பார்த்துக்கொள்வான்.